மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

மகன், அஸ்ஸலாமு அலைக்கும்.

நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்துக்கு துஆச் செய்கிறோம் என்று எழுதித்தான் தொடங்கினேன். எழுதிவிட்டு வெட்டிவிட்டேன். சுகமில்லை. காய்ச்சல், தலையிடி ஒன்றும் கிடையாது, நீ பதறாதே. பயம்தான் எனக்குப் பிடித்திருக்கும் வருத்தம். ஃபோனில் சொல்லலாமே என்று கேட்பாய். ஃபோனில் உனக்கு ஒரு கதையைச் சொல்லி முடித்த ஆள் இந்தக் கிண்ணியாவில் யாராவது உண்டா? நான் வாயைத் திறந்ததும் "உம்மா, லைன் கிளியர் இல்ல, பிறகு கதைப்பம்" என்பாய். லைன் எப்போதும் கிளியர்தான். உனக்குப் பிடிக்காத கதை வந்தால் மட்டும் அது கரகரக்கும். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்ட உன்னால் ஏலாது. இதை உறையில் போட்டு ஒட்டவும் போவதில்லை. எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், வீட்டுக்கு ஒரு பிள்ளை வளைகுடாவில் நிற்கிறது. உன் தங்கச்சி நஸ்ராவிடம் கொடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொல்வேன். மற்ற உம்மாமாரும் வாசிக்கட்டும், அவர்களுக்கும் என்னைப் போலவே பயம் இருக்கிறதா என்று நான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமை நீ எடுத்து, "உம்மா, நல்ல செய்தி ஒண்டு இரிக்கி" என்றாய். காஸ் ஏற்றுவதற்குப் போடப்போகும் புதுக் குழாய் லைனுக்கு உன்னைத் தெரிவு செய்துவிட்டார்களாம். வெயிலில் கசிவு பார்க்கிற கெமராவைத் தூக்கிக்கொண்டு குழாய் குழாயாக நடக்கத் தேவையில்லையாம். ஏசி அறையில் இருந்து கப்பலுக்குக் காஸ் ஏறுவதைப் பார்க்கிற வேலையாம். தங்கச்சி கலியாணத்துக்கு வருமுன் நீ "ஓம், சரி" என்று சொல்லவேண்டுமாம். நான் மாஷா அல்லாஹ் என்றேன். ஃபோனை வைத்த பிறகு குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன், என்னத்துக்குப் போனேன் என்றே மறந்துவிட்டது. நீ அந்த ஓம்-ஐச் சொல்லுமுன் இதை முழுசாக வாசி. வாசித்த பிறகு கோபப்படு, பரவாயில்லை.

நீ காஸ் வேலைக்குப் போனது சம்பளத்துக்கு மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். நினைவிருக்கிறதா, மூதூர்ப் பக்கம் நிலக்கரி மின்சார ஆலை வரப்போகிறது என்று ஊரெல்லாம் கதைத்த காலம்? நீ பள்ளிக்கூடச் சட்டையோடு எதிர்ப்புக் கூட்டத்தில் போய் நின்று கத்திவிட்டுத் தொண்டை அடைத்துப் போய் வந்தாய். நான் இஞ்சி இடித்துக் கொடுத்தேன், உன் வாப்பா ஏசினார். அவர் அப்போது துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. "கப்பல் வந்தாத்தான் எங்களுக்குச் சோறு, நிலக்கரிக் கப்பலெண்டா என்ன, கோதுமைக் கப்பலெண்டா என்ன" என்றார். நீ விடவில்லை. சாப்பாட்டு மேசையில் சோற்றைப் பிரித்து இரண்டு குவியல் வைத்து, "வாப்பா, இது நிலக்கரி எரிச்சா வாற புகை. இது இயற்கைக் காஸ் எரிச்சா வாறது. பாருங்க, எவ்வளவு குறைவு" என்றாய். உன் வாப்பா சிறிய குவியலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப ஒண்டும் இல்ல" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் நீ சொன்னதை நான் மனசில் வைத்துக்கொண்டேன். வளைகுடாவில் இருந்து வேலைக் கடிதம் வந்தபோது அக்கம்பக்கத்தாரிடம், "என்ட மகன் போறது எண்ணெய்க்கு இல்ல, காஸுக்கு. அது சுத்தமானது" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான்தான்.

பிறகு வீடு. நம் பக்கத்து வழக்கம் உனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கவேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவான், தங்கச்சி கரைசேரும்வரை அண்ணன்காரனுக்குப் பெண் பார்ப்பதில்லை. நீ வாய் திறந்து ஒருநாள் சலித்துக்கொண்டது இல்லை, அல்லாஹ் உனக்குப் பெரிய பரக்கத் தரட்டும். நம் வளவிலேயே, பழைய வீட்டுக்கு முன்னால், நஸ்ராவுக்கு வீடு எழும்பியது. அத்திவாரம் வெட்டுமுன் நீ அங்கிருந்தே சொன்னாய்: "உம்மா, வளவ ரோட்டை விட உயர்த்துங்க. இல்லாட்டி மாரியில தண்ணி வரும்." அதில் என்ன பிழை? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெளிநாட்டுக் காசு வந்த வீடெல்லாம் கிரவல் மண் அடித்து உயர்ந்துதான் நிற்கிறது. நாங்களும் தம்பலகாமப் பக்கத்திலிருந்து கிரவல் இறக்கினோம், லொறி லொறியாக. உன் வாப்பா மண்ணைக் காலால் மிதித்து மிதித்து, ஏதோ கப்பல் தட்டில் நடப்பவர் மாதிரி வளவைச் சுற்றி நடந்தார். பிறகு நீ ஆசைப்பட்ட மதில். நல்ல உயரம், பச்சைப் பெயின்ட். பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார் முதலில் பார்த்து மெச்சியது அந்த மதிலைத்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பரீதா வீடு. உனக்குத் தையல் மெஷினில் பட்டம் தைத்துத் தந்த அதே பரீதா சாச்சி, அவளும், படுக்கையில் கிடக்கும் அவள் புருஷன் ஹனீபாவும். அவர்களுடைய வளவு பழைய மட்டத்திலேயே கிடந்தது. நான் அதைப் பார்க்காமல் இல்லை மகன். பார்த்தேன், பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை.

போன லீவில் நீ வந்து, புது வீட்டுக் கதிரையில் என்னை இருத்தி, லெப்டொப்பைத் திறந்து இரண்டு படம் காட்டினாயே, அதை நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முதல் படத்தில் ஒரு குழாய், அதற்கு மேல் நீல வானம். ஒன்றுமில்லை. "நல்ல இடமாத்தான் இரிக்கி" என்றேன். "இப்ப பாருங்க" என்று மற்றதைப் போட்டாய். அதே குழாய், அதே வானம், உன் கெமராவுக்குள்ளால் எடுத்தது. குழாயின் மூட்டிலிருந்து கன்னங்கரேலென்று புகை பீச்சியடித்துக்கொண்டிருந்தது. அட அல்லாஹ்வே என்று எழும்பிவிட்டேன். "பயப்படாதீங்க உம்மா, எங்கட கண்ணுக்கு இது தெரியாது. மணமும் இல்ல. எரியாத காஸ். எரிஞ்சு போனா வாற புகையவிட, இப்பிடி எரியாம களவாப் போறதுதான் பூமியக் கூடச் சுடவைக்கும்" என்றாய். நம் குசினிச் சிலிண்டரில் இருப்பது வேறு காஸ், அதற்கு மணம் போட்டிருக்கிறார்கள், கசிந்தால் மூக்குக்குத் தெரியும் என்றும் சொன்னாய். உனக்கு அது வேலை. எனக்கோ அன்றிலிருந்து வெறும் வானத்தைப் பார்க்கவே பயம். துணி காயப்போடப் போனால் அண்ணாந்து பார்க்கிறேன், இதற்குள் என்னென்ன ஓடுகிறதோ என்று. நஸ்ரா சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

அன்றைக்குத்தான் நீ எனக்கு அந்தக் கணக்கையும் விளங்கப்படுத்தினாய். நீ வேலை செய்யும் நாடு, வெப்பம் கூட்டும் புகையைக் குறைப்பதாக உலகத்துக்கு முன் வாக்குக் கொடுத்திருக்கிறதாம். உங்கள் ஆலையில் சூரிய மின்சாரம் போட்டிருக்கிறார்களாம், விளக்கு மாற்றியிருக்கிறார்களாம், கணக்கு நன்றாக இறங்கி வருகிறதாம். "அப்ப கப்பல்ல ஏறிப் போறது?" என்று கேட்டேன். "அது வாங்கிறவன்ட கணக்கு உம்மா. எங்க எரிக்கிறாங்களோ அங்கதான் எழுதிறது." "ஏத்தினவன்?" "ஏத்தினவன் சுத்தம்" என்று சொல்லிக் கையைத் தட்டிக் காட்டினாய். வாங்குகிறவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். அவன் நிலக்கரியை விட்டுவிட்டோம், நாங்களும் குறைத்துவிட்டோம் என்கிறானாம். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. ஏற்றுகிறவனும் குறைத்துவிட்டான், வாங்குகிறவனும் குறைத்துவிட்டான் என்றால் என்ன கண்றாவிக்கு எங்கள் குடாக்கடல் சித்திரை வெயிலில் பாத்திரத் தண்ணீர் போலச் சுடுகிறது? உன் வாப்பா காலை நனைத்துவிட்டு வந்து, வாழ்நாளில் இப்படிப் பார்க்கவில்லை என்கிறார். அந்த ஆளுக்கு லேசில் எதுவும் புதுமையாகத் தெரியாது.

அதற்குப் பிறகு வந்த மாரிகாலம். நீ வீடியோவில் பார்த்தாய், ஆனால் நஸ்ரா எடுத்த வீடியோ நம் பக்கத்தை மட்டும்தான் எடுத்தது. மேலே மலைநாட்டில் வானம் உடைந்த மாதிரிக் கொட்டியது. அது முழுக்க மகாவலியால் இறங்கி இங்கே வந்தது. இங்கேயும் மழை விடவில்லை. கடல் பொங்கி நின்றதால் தண்ணீரை வாங்கவில்லை. விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு எழும்பும்போது என்னைக் கூப்பிடும் பரீதாவின் சத்தம் கேட்டது. "ராத்தா! ராத்தா! இவர என்னால தூக்க ஏலாது!" உன் வாப்பா கேற்றைத் திறந்தார். ஒழுங்கை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது, கால் வைக்க முடியவில்லை. மதிலால்தான் போகவேண்டும் என்று ஏணியைச் சாய்த்தார். நான் பின்னால் ஏறினேன். மதில் உச்சியில் நின்று பார்த்தேன் மகன். நம் பக்கம் மண் நனைந்திருந்ததே தவிரத் தண்ணீர் நிற்கவில்லை. கோழிகள் கிளறிக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் பரீதா வீட்டு ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர், செம்மண் நிறத்தில், நம் மதிலில் வந்து மோதி மோதித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. முந்தி அந்தத் தண்ணீர் நம் வளவால் வழிந்து கடலோரக் களப்புப் பக்கம் போகும். நம் இரண்டு வீட்டிலும் கணுக்கால் அளவு நிற்கும், துடைப்பத்தால் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம். இப்போது போக வழியில்லை. நாங்கள் அடைத்துவிட்டோம்.

ஹனீபாவைப் பரீதா எப்படியோ இழுத்து மேசை மேல் படுக்கவைத்திருந்தாள். தண்ணீர் மேசைப் பலகையைத் தொட்டுவிட்டது. அந்த மனிசன் அசைய ஏலாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டிருந்தார். உன் வாப்பாவும் ஒழுங்கைப் பையன்மாரும் இடுப்பளவு தண்ணீரில் அவரைச் சாரத் துணியில் தூக்கி, மதிலுக்கு மேலால், மூட்டை ஏற்றுகிற மாதிரி இந்தப் பக்கம் இறக்கினார்கள். ஒரு தரம் கை வழுக்கித் தலை தண்ணீருக்குள் போய்விட்டது. பரீதா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நஸ்ராவின் கலியாணத்துக்கு வாங்கி, பொலித்தீன்கூடக் கழற்றாமல் வைத்திருந்த கட்டிலில் அவரைக் கிடத்தினோம். பரீதா ஈரத்தோடு தரையில் இருந்துகொண்டு என் கையைப் பிடித்து, "உங்கட வளவு உயரமா இரிந்ததாலதான் தப்பினம் ராத்தா" என்று அழுதாள். எனக்கு நன்றி சொல்கிறாள் மகன்! எனக்கு! நான் என்ன செய்தேன் தெரியுமா, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் நீ எடுத்தாய். "பாத்தீங்களா உம்மா? நான் சொன்னேன்தானே, ஒரு சொட்டும் உள்ளுக்கு வரல்ல!" உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். வெயிலில் வெந்து உழைத்தது வீண்போகவில்லை என்ற சந்தோஷம். பக்கத்து அறையில் ஹனீபா இருமிக்கொண்டு கிடந்தார். நான் உனக்கு என்ன பதில் சொன்னேன்? "ஓம் மகன்" என்றேன். அந்த ஒரு சொல்தான். உன் சந்தோஷத்தில் கை வைக்க மனசு வரவில்லை. அதைக் கேட்டு நீ உற்சாகப்பட்டு, "வாற மாரிக்கு முந்தி இன்னும் கொஞ்சம் உயர்த்துவம்" என்றாய். அதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை.

நீ சொன்னபடி கூப்பிட்ட கிரவல் லொறி இந்த மாதம் வந்து கேற்றடியில் நின்றது. ஓடிப்போய் பரீதாவைக் கூப்பிட்டேன். "புள்ள, இந்த மண்ண ஒன்ட வளவுக்குப் போடுவம். ஒனக்கும் உயரட்டும்" என்றேன். பெரிய தர்மம் செய்கிற மாதிரித்தான் சொன்னேன். அவள் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு நின்றவள், அதை எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு லொறியைப் பார்த்தாள், பிறகு தன் வீட்டுக்கு அங்காலே இருக்கும் ஓலைக் கொட்டிலைப் பார்த்தாள். "எனக்குப் போட்டா தண்ணி அங்கால அவங்களுக்குப் போகும் ராத்தா. அவங்க போட்டா அடுத்த வீட்டுக்கு. கடைசி வீடு எண்டு ஒண்டு இரிக்கும்தானே? அதுக்குள்ளயும் ஆக்கள் இரிப்பாங்க." பிறகு மெதுவாக, "நீங்க மதில் கட்டேக்கயே எனக்குத் தெரியும். ஒங்கட மகன் கஷ்டப்பட்டு அனுப்பிற காசு, நான் என்னத்தச் சொல்ற எண்டு இரிந்திட்டன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், உனக்குத்தான் என் வாயைத் தெரியுமே. அவள் கோபப்படவில்லை. லொறிக்காரன் ஹோன் அடித்தான். திருப்பி அனுப்பிவிட்டேன்.

அந்தக் கிழமையே வெள்ளியன்றுதான் உன் நல்ல செய்தி வந்தது. உனக்கு நினைவிருக்கும், நான் இடையில் ஒன்று கேட்டேன். "மகன், அந்தப் படத்தில காட்டின குழாய், அத அடைச்சிட்டாங்களா?" நீ முதலில் வேறு கதைக்கு மாறப் பார்த்தாய். பிறகு, "இல்ல உம்மா. கப்பல் வரிசையா நிக்கிது. அடைக்கிறதெண்டா ஏத்திறத நிப்பாட்டணும். பிறகு பாக்கிறதாம்" என்றாய். "நீ சொன்னனீதானே?" "எத்தினை தரம் சொல்றது? நான் சொல்லச் சொல்ல அவங்களுக்கு எரிச்சல்." "அப்ப நீ ஏசி அறைக்குள்ள போனா அத யார் பாக்கிறது?" "வேற ஆள் போடுவாங்க" என்றாய். உடனே லைன் கரகரத்தது. மகன், உன்னை ஏன் அந்த ஏசி அறைக்கு ஏற்றி உட்கார வைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. உன் கெட்டித்தனத்துக்காகவே இருக்கலாம், நீ கெட்டிக்காரன்தான், நான் பெற்ற பிள்ளை. ஆனால் மீண்டும் மீண்டும் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிற கையிலிருந்து கெமராவை வாங்கி வைக்க, பதவியை விட நல்ல வழி வேறு என்ன இருக்கிறது? புது லைன் போட்டால் நாளைக்கு உனக்குப் பிறக்கும் பிள்ளை கலியாணம் முடிக்கிற வரைக்கும் ஓடும், வேலைக்குப் பயமில்லை என்று வேறு சொன்னாய். உனக்கு அது தைரியம் தருகிற கதை. நானோ, அவ்வளவு காலமும் காஸ் ஏற்றப்போகும் கப்பல்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறேன், எண்ணி முடியவில்லை. அந்தப் பிள்ளையின் மாரி எப்படி இருக்கும்? அது தங்கச்சி வளவில்தானே விளையாடப் போகிறது?

நான் உன்னை வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு என்ன உரிமை? இந்த வீட்டுக் கல்லும், உன் வாப்பாவின் மருந்தும், இப்போது என் அடுப்பில் கொதிக்கும் கஞ்சியும் அந்தக் காஸில் இருந்து வந்ததுதான். எனக்கு நல்லவள் வேஷம் போடத் தெரியாது. போன கோடையில் உன்னோடு வேலை செய்த பையன் வெயிலில் சுருண்டு விழுந்தான் என்று நீ சொன்ன நாளிலிருந்து, யா அல்லாஹ், என் பிள்ளைக்கு ஒரு நிழல் கொடு என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டவள் நான். இப்போது நிழல் கிடைத்திருக்கிறது, அதைப் பார்த்துப் பயப்படுகிறேன். நீ அங்கே நின்றாலும் பயம், வேலை போய் வந்து நின்றாலும் பயம். வாங்குகிறவன் காஸ் இல்லாவிட்டால் நாளைக்கே நிலக்கரிக்குத் திரும்பிவிடுவானோ என்றும் யோசிக்கிறேன். அதெல்லாம் எனக்கு முழுசாக விளங்காது. ஆனால் பீச்சியடிக்கும் ஒரு குழாயை அடைக்கவேண்டும் என்பது எனக்கு விளங்கும். அதை அடைக்காமல் இன்னொரு குழாய் போடுவது, போன வெள்ளத்துக்குப் பிறகு இன்னும் உயர்த்துவோம் என்று கிரவல் லொறியைக் கூப்பிட்ட கதைதான்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் குழாய் அடைபடும்வரை ஓம் என்று சொல்லாதே. மரியாதையாகச் சொல், சிரித்துக்கொண்டு சொல். "நான் வாறன், முதல்ல அத அடைங்க" என்று சொல். வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்றால் கூப்பிடட்டும். நீ இல்லாவிட்டால் உலகம் நின்றுவிடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நீ கண்ணால் கண்டவன். என்னைப் போல ஓம் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போகாதே.

இனி, நீ ஏசப்போகும் இடத்துக்கு வருகிறேன். உன் மதிலை உடைத்துவிட்டோம். முழுசாக அல்ல, பரீதா வீட்டுப் பக்கம் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு. களப்புப் பக்கமும் அதே அளவு. நடுவில் கிரவலை வெட்டி எடுத்து வாய்க்கால் இறக்கியிருக்கிறோம், நஸ்ரா வீட்டு வாசலுக்கு முன்னாலேயே. உன் வாப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "என்ட மகன் வேர்வையில கட்டின மதில், நான் உசிரோட இரிக்கும்வரைக்கும் ஒருத்தரையும் தொடவிடமாட்டன்" என்று கதிரையைக் கொண்டுபோய் மதிலடியில் போட்டுக்கொண்டு இருந்தார். காலைச் சாப்பாடும் அங்கேதான். நஸ்ரா அவருக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "வாப்பா, வாற மாரிக்கும் அந்த மனிசன மதிலுக்கு மேலால தூக்குவீங்களா? ஒங்களுக்கு இப்ப இடுப்பு நாரி புடிச்சிரிக்கே" என்றாள். மனிசன் எழும்பிப் போய், கல் பெயர்க்கிற அலவாங்கை எடுத்து வந்து தானே முதல் கல்லைக் கிளப்பினார். கிளப்பிவிட்டு அழுதார். நீ இதை அவரிடம் கேட்காதே.

மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்று நான் நஸ்ராவிடம் புலம்பினேன். கலியாணத்துக்கு முன் மதிலை உடைத்த வீடு என்று அவர்களுடைய மூதூரெல்லாம் கதை போகும். அவள், "மதிலப் பாத்து வாறவர் மதிலோட போகட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொன்னாளே தவிர அவளுடைய முகமும் நன்றாக இல்லை. அவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ வந்து நின்றால் எனக்குச் சொல்லத் துணிவு வரும்.

நேற்று மாரியின் முதல் மழை இறங்கியது. இது எழுதும்போதும் விடவில்லை. தண்ணீர் பரீதா வளவால் வந்து, உடைத்த இடத்தால் நுழைந்து, நம் வாய்க்காலில் சிவப்பாக ஓடிக் களப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாய்க்கால் போதவில்லை. நஸ்ரா வீட்டுக் கீழ்ப்படியை மூடிவிட்டது. நீ ஒரு சொட்டும் வராது என்றாயே, இந்த முறை வரும். பரீதா வீட்டுக்குள்ளும் கணுக்காலுக்கு நிற்கிறது, ஆனால் அவள் அடுப்பு எரிகிறது, புகையைப் பார்க்கிறேன். உன் வாப்பா குடையைப் பிடித்துக்கொண்டு உடைத்த இடத்தில் நிற்கிறார், வந்து இரிங்கள் என்றாலும் கேட்கிறார் இல்லை. இது முதல் மழைதான். மேலே மலைநாட்டில் இன்னும் தொடங்கவில்லையாம். ஒவ்வொரு இடிக்கும் எழும்பிப் போய் வாய்க்காலைப் பார்க்கிறேன். போன மாரியைப் போல வந்தால் இந்த வாய்க்கால் தாங்குமா, கடல் தண்ணீரை வாங்குமா, எனக்குத் தெரியாது. ஹனீபாவை உடனே கொண்டுவர வேண்டியிருக்கும் என்று நஸ்ராவின் கலியாணக் கட்டிலை வாசலுக்குக் கிட்டவாக இழுத்துப் போட்டு, விரித்து வைத்திருக்கிறோம். கதவைப் பூட்டவில்லை.

நீ ஃபோன் எடுக்கும்போது என்னிடம் சுகம் விசாரிக்காதே மகன். அந்தக் குழாயை அடைத்தார்களா, அதை முதலில் சொல்.

உன் உம்மா